டர்ன்னு ஒரே வார்த்தை, இத்தனை அர்த்தமா?

தேன்சிட்டு:
ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு, "தே டர்ன்ட் டவுன் அவர் ஆஃபர்"னு. சவுண்டை டர்ன் டவுன் பண்ணுன்னு சொல்றோம்ல, அதே மாதிரி ரேட்டைக் கொறைக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு ஒரு மணி நேரம் உக்காந்து புது ரேட் போட்டு ஷீட்டெல்லாம் ரெடி பண்ணிட்டேன், அப்புறம்தான் டீம் லீட் சொன்னாங்க, அவங்க வேணாம்னே சொல்லிட்டாங்கன்னு. மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. டர்ன்னா திரும்புறது, சரி. மை டர்ன்னா என் முறை, ஷீ டர்ன்ட் ஃபார்ட்டின்னா நாப்பது வயசாச்சு, பால் கெட்டுப்போனாலும் டர்ன்டாம். மனப்பாடம் பண்றதைத் தவிர வேற வழியே இல்லையா?

கடைசல்காரன்:
இருக்குங்க. நான் லேத் வேலை பாக்குறவன், எங்க வேலைக்குப் பேரே டர்னர்தான். அந்த வார்த்தை லத்தீன்ல டோர்னாரேங்கிறதுல இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் லேத்ல கடையுறது. மெஷினோட சக்குல, அதாவது சுத்துற பிடியில, ராடைப் புடிச்சு ஓட விட்டு வெட்டுற டூலை மெதுவா உள்ள கொடுத்தா இரும்பு சுருள் சுருளா உரிஞ்சு விழும், துருப்புடிச்சுக் கெடந்த ராடு கொஞ்ச நேரத்துல வழவழன்னு வேற பொருளா நிக்கும். சுத்துறதும் மாறுறதும் அங்க ஒரே நேரத்துல நடக்குது பாருங்க. டர்ன் ஆன், டர்ன் ஆஃப் கூட குழாயைத் திருகுறதை நெனச்சாப் புரிஞ்சிடும், திருகினாத்தான் தண்ணி வரும்.

மழைக்குருவி:
அண்ணன் சொன்னது அருமை. தேன்சிட்டு, நம்ம "திரி"யைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நமக்கும் பால் திரிஞ்சுதானே போகுது! பஞ்சைத் திரிச்சா விளக்குத் திரி, நாரைத் திரிச்சா கயிறு, தானியம் அரைக்கிற கல்லு திரிகை, சும்மா சுத்துறவன் திரியுறான், உண்மையை மாத்திப் பேசினா திரிச்சுச் சொல்றான். இலக்கணத்துல பொன்னும் குடமும் சேந்து பொற்குடம் ஆகுதே, அதுக்குப் பேரும் திரிதல்தான். முறுக்குறது, சுத்துறது, மாறுறது, கெடுறது எல்லாமே ஒரே வேர்ல இருந்து வருது, இதை யாரும் நமக்கு உக்கார வச்சுச் சொல்லித்தரலையே. எனக்கு இது எப்பப் பாத்தாலும் சந்தோஷமா இருக்கும்.

உங்க டவுன் விஷயத்துக்கு வர்றேன். எதை டர்ன் டவுன் பண்றாங்கன்னு மட்டும் பாருங்க. சவுண்டு, சூடு, வெளிச்சம்னா கொறைக்கிறது. ஆஃபர், வேலை, அழைப்பு, ஆளுன்னா மறுக்கிறது. அதே மாதிரி டர்னுக்குப் பின்னாடி நெறமோ வயசோ குணமோ வந்தா "ஆயிடுச்சு"ன்னு போட்டுப் படிங்க: செவப்பாயிடுச்சு, நாப்பதாயிடுச்சு, முரடாயிடுச்சு. முறைங்கிற அர்த்தத்துக்கு, வட்டமா உக்காந்து சீட்டு ஆடுறதை நெனச்சுக்கங்க, ஆட்டம் சுத்தி நம்மகிட்ட வந்தா அது நம்ம டர்ன்.

தேன்சிட்டு:
பால் திரியுறது சுத்தமாத் தோணவே இல்லைங்க, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ஒண்ணு மட்டும், "ஹி டர்ன்ட் இன் அட் டென்"னா பத்து மணிக்கு எதையோ கொடுத்தானா?

மழைக்குருவி:
இல்லைங்க, பத்து மணிக்குத் தூங்கப் போயிட்டான். எதைக் கொடுத்தான்னு ஒரு பொருள் கூட வந்தாத்தான் ஒப்படைக்கிறது, ஹி டர்ன்ட் இன் தி ரிப்போர்ட்னு. இங்க பொருளே இல்லையே, அதை வச்சுக் கண்டுபிடிங்க.