பனியில் வழுக்கி விழுந்தால் நாட்களை எண்ணுங்கள்: ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டொரன்டோவுக்கு வந்து இறங்கியதும் எந்த ஜாக்கெட் வாங்கலாம், எந்த பூட்ஸ் வழுக்காது என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அதையும் மீறி விழுந்து எலும்பு உடைந்தால் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஸ்கார்பரோவில் ஒரு பிளாசாவில் கறிவேப்பிலையும் பாலும் வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருந்தது. பகலில் உருகி வழிந்த தண்ணீர் சாயங்காலம் உறைந்துவிட்டது. தாரின் கறுப்புதான் கண்ணுக்குத் தெரிந்தது, மேலே இருந்த ஐஸ் தெரியவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது, ஆறு வாரம் கட்டு. வேர்ஹவுஸில் வேலை, போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

"கேஸ் போட இரண்டு வருஷம் இருக்கு, முதலில் கை சரியாகட்டும்" என்றார் கூட வேலை செய்தவர். அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்டாரியோவில் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவான கெடு இரண்டு ஆண்டுதான். ஆனால் பனியிலோ ஐஸிலோ விழுந்தவர்களுக்கு அதற்கு முன்னாலேயே இன்னொரு கெடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். என் கை உடைந்த கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நோட்டீஸ் குடுத்தாச்சோ?" அன்றைக்கு 52-ஆவது நாள்.

விஷயம் இதுதான். தனியார் இடத்தில், அதாவது பிளாசா, கடை வாசல், அபார்ட்மென்ட் வளாகம், ஒருவர் வீட்டு டிரைவ்வே போன்ற இடங்களில் பனியாலோ ஐஸாலோ விழுந்தால், 60 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அதாவது விழுந்ததைத் தெரிவிக்கும் கடிதம், கொடுக்க வேண்டும். 2021 ஜனவரி 29 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. நேரில் கொடுக்கலாம், அல்லது ரெஜிஸ்டர்ட் தபாலில் அனுப்பலாம். இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கோ பனி அள்ளும் கான்ட்ராக்டருக்கோ, இருவரில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும். பனி சம்பந்தமில்லாமல், உடைந்த படியிலோ கடைக்குள் ஈரத் தரையிலோ விழுந்தால் இந்த 60 நாள் கணக்கு வராது.

நகராட்சியின் நடைபாதையில் விழுந்தால் கெடு வெறும் 10 நாள். டொரன்டோ என்றால் டொரன்டோ நகராட்சியின் கிளார்க் (City Clerk) என்ற அதிகாரிக்கு, மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் என்றால் அந்தந்த ஊர்க் கிளார்க்குக்கு எழுத்தில் போக வேண்டும். நகராட்சியின் 311 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்து சொல்வது புகார்தான், நோட்டீஸ் ஆகாது. அதோடு, நடைபாதைப் பனிக்கு நகராட்சியைப் பொறுப்பாக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டும். வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதை பெரும்பாலும் நகராட்சியுடையது, அதைத் தாண்டிய டிரைவ்வே வீட்டுக்காரருடையது. விழுந்த இடம் யாருடையது என்று சந்தேகம் இருந்தால், இரண்டு பேருக்கும் பத்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கெடு தவறினால் நியாயமான காரணமும், தாமதத்தால் எதிர்த்தரப்புக்குப் பாதிப்பில்லை என்பதும் இருந்தால் கோர்ட் ஏற்கலாம். சட்டம் தெரியாது என்பதை நம்பி உட்காராதீர்கள்.

நோட்டீஸுக்கு வக்கீல் தேவையில்லை. அன்று இரவு அக்கா சமையல் மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்: பெயர், முகவரி, விழுந்த தேதி, நேரம், சரியான இடம், ஐஸில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. "பிளாசாவில்" என்று மட்டும் எழுத வேண்டாம், எந்தக் கடை வாசல், எந்தக் குழாய்க்குப் பக்கத்தில் என்று எழுதச் சொன்னார். மறுநாள் காலை ரெஜிஸ்டர்ட் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன்.

நோட்டீஸ் தப்பித்தது, போட்டோ தப்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஐஸும் இல்லை, குழாயும் வேறு பக்கம் திருப்பப்பட்டிருந்தது. ஐஸ் உருக உப்புப் போட்டோம் என்று பிளாசாக்காரர்கள் பதிவேட்டைக் காட்டினார்கள், என் கையில் காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் குறைந்த தொகைக்குத்தான் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. வலியோடு எழுந்த அந்த நிமிடத்திலேயே, உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடமாவது, தரையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். போட்டிருந்த பூட்ஸைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். பார்த்தவரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் பலர் தனியாகக் கேட்கிறீர்கள்: "வீட்டுக்காரர் நம்ம ஆள், அவர் மேல எப்படி?" புரிகிறது. பெரும்பாலும் பணம் அவர் வீட்டு இன்ஷூரன்ஸிலிருந்துதான் வரும், அதற்காகத்தான் அவர் மாதாமாதம் கட்டுகிறார். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே கடிதம் கொடுங்கள். வொர்க் பெர்மிட்டுக்கு ஆபத்து வரும் என்று பயப்படவும் வேண்டாம். நஷ்ட ஈடு கேட்பது குற்றமில்லை.

கார் விபத்துக்கு வழி வேறு. தப்பு யார் மேல் இருந்தாலும் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸில் உரிமை உண்டு, கார் இல்லாமல் நடந்து போனவருக்கும்கூட. 7 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், படிவம் கைக்கு வந்து 30 நாளுக்குள் விண்ணப்பம். வேலையிடத்துக் காயம் என்றால் டபிள்யூஎஸ்ஐபி (WSIB) என்ற வேலையிடக் காப்பீட்டு வாரியத்தில், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று. ஜெயித்தால்தான் ஃபீஸ் என்ற ஏற்பாடு இங்கே சட்டப்படியானது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். விபத்துக் காரை இழுத்துப் போகும் டோ டிரக் டிரைவரோ தெரிந்தவரோ "நான் ஆளைச் சேர்த்துவிடுகிறேன்" என்று கமிஷன் வாங்கினால், அதற்கு இங்கே அனுமதி இல்லை. வக்கீல்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் லா சொசைட்டியின் பரிந்துரைச் சேவையில் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

கீழே கமென்டில், நகராட்சி நடைபாதையில் விழுந்து இன்று எட்டாவது நாள் என்று எழுதியிருக்கும் தங்கச்சிக்கு: வக்கீல் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. இன்று ராத்திரி எழுதி வை. ஷாப்பர்ஸ் மருந்துக் கடைகள் பலவற்றுக்குள் தபால் கவுன்டர் இருக்கும், காலையில் கதவு திறந்ததும் போய்விடு. வரைவை இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன், முழித்துத்தான் இருப்பேன்.