லேசர் அப்லேஷன்: ‘அரிப்பு’ வேண்டாம், ‘தெறிநீக்கம்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

லேசர் ஒளியைப் பாய்ச்சி உலோகம் போன்ற ஒரு பொருளின் மேற்பரப்பைக் கொஞ்சம் பெயர்த்தெடுப்பதுதான் லேசர் அப்லேஷன். அதற்கு ‘அரிப்பு’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. அரிப்பு என்றாலே கரையான், ஆற்றங்கரை, துரு என்று மெதுவாகத் தின்கிற ஏதோ ஒன்றுதான் மனதில் வரும். ‘ஆவியாக்கம்’ பாதிதான் சரி, ஏனென்றால் உலோகம் ஆவியாக மட்டும் போவதில்லை, உருகிய துளிகளாகவும் மெல்லிய ஏடுகளாகவும் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

நடக்கிற வரிசையைப் பாருங்கள். லேசர் துடிப்பு ஒன்று 100 ஃபெம்டோ நொடிதான் நீடிக்கிறது என்று வையுங்கள் (நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி). அந்த நேரத்தில் ஒளியே 30 மைக்ரோமீட்டர்தான் போகும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதற்குள் சூடாவது எலக்ட்ரான்கள் மட்டும். அந்தச் சூடு அணுக்களுக்குப் போய்ச்சேரச் சில பிக்கோ நொடிகளாகும், ஒரு பிக்கோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி (இரண்டுக்கும் தனித்தனி வெப்பநிலை வைத்துக் கணக்குப்போடும் முறையை 1974இலேயே அனிசிமோவ் குழுவினர் கொடுத்துவிட்டார்கள்). அப்புறம்தான் உலோகம் வெடித்துக் கிளம்பும். வேதிவினைகளில் பெரும்பாலானவை அதற்கும் பிறகு, நானோ நொடி, மைக்ரோ நொடிக் கணக்கில், கிளம்பிய பிழம்பு சுற்றியுள்ள காற்றோடோ நீரோடோ கலக்கும்போது நடப்பவை. லேசர் துடிப்பு எப்போதோ முடிந்திருக்கும். டைட்டானியத்தைக் காற்றில் சுட்டால் ஆக்சைடும் நைட்ரைடும் வரும், இரும்பை அசிட்டோனுக்குள் சுட்டால் கார்பைடு வரும். தங்கத்தைத் தண்ணீருக்கடியில் சுட்டால் அது பெரும்பாலும் தங்கமாகவே நானோ துகள்களாகிவிடும். தெளிந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து ஒயின் நிறத்துக்கு வரும்.

ஆகவே ஒரு சொல் போதாது. உலோகம் பெயர்ந்து போவதற்கு ‘தெறிநீக்கம்’, கிளம்பிய பொருளுக்கு ‘தெறிபிழம்பு’. தெறிபிழம்பு வினைத்தொகை, தெறித்தது தெறிப்பது இனித் தெறிக்கப்போவது எல்லாம் அதில் அடங்கும். ‘தெறிபிழம்பு வினைகள்’ என்று எழுதினால் வினை எங்கே நடக்கிறது என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடும். சூடான எண்ணெயில் கடுகு தெறிப்பதைப் பார்த்தவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இப்படிக் குறுகிய துடிப்பு தரும் அல்ட்ராஃபாஸ்ட் லேசரை ‘அதிவேக லேசர்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எந்த லேசரின் ஒளியும் ஒரே வேகத்தில்தான் போகிறது, குறுகியது துடிப்புதான். ‘மீக்குறுந்துடிப்பு லேசர்’ கொஞ்சம் நீளம், ஆனாலும் பொருள் பிசகாது.

எனக்குத் தீராத சிக்கல் ஸ்பட்டரிங். அயனிகள் மோதி அணுக்களைக் கிளப்பும் அதற்கும் ‘தெறிப்பு’ என்றுதான் முதலில் வாயில் வருகிறது. வெற்றிடப் பூச்சு வேலையில் இருப்பவர்கள் யாராவது, பட்டறையில் அதை என்னவென்று சொல்கிறீர்கள்?