புதுப்பிப்பு: ஸ்க்ரீன் லாக் தொல்லையும் பேட்டரி தீர்வதும் (ஆண்ட்ராய்டு), சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: கடையில் நிமிஷத்துக்கு ஒரு தடவை பின் நம்பர் போட வேண்டியிருந்தது; அதைத் தவிர்க்க ஸ்க்ரீன் அணையும் நேரத்தை 10 நிமிடமாக்கினால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் காலி.

வேலை செய்தது, "ஸ்க்ரீன் அணைவது வேறு, லாக் ஆவது வேறு" என்று ஒருவர் சொன்ன யோசனை. செட்டிங்ஸில் ஸ்க்ரீன் லாக் வரிக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், ஸ்க்ரீன் அணைந்து எவ்வளவு நேரம் கழித்து லாக் ஆக வேண்டும் என்று தனியாகக் கேட்கிறது. இப்போது 30 விநாடியில் ஸ்க்ரீன் அணைகிறது, 5 நிமிடம் கழித்துத்தான் லாக். பவர் பட்டனை அழுத்தினால் உடனே லாக் ஆகும் வசதியையும் ஆன் செய்துவிட்டேன். கல்லாவை விட்டு எழும்போது ஓர் அழுத்து, போதும்.

ஈரக் கையில் கைரேகை எடுபடாததற்கு, ஒரே விரலை இரண்டு முறை பதியச் சொன்னதும் பலித்தது. போனைத் தூக்கினால் ஸ்க்ரீன் எரிவதையும், எப்போதும் மணி காட்டுவதையும் நிறுத்தினேன். இரவு வரை சார்ஜ் நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: வீட்டில் இருக்கும்போது திறந்தே இருக்கும் வசதி, ஆண்ட்ராய்டு 10 முதல் திறந்த போனை லாக் ஆகாமல் நீட்டிக்கும், அவ்வளவுதான். லாக் ஆன போனைத் திறக்காது. 4 மணி நேரம் தொடாமல் வைத்தாலும் பின் கேட்கும். அதை எடுத்துவிட்டேன்.

கைரேகை இருந்தும் எப்போதாவது பின் கேட்டால் கோளாறு இல்லை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படிக் கேட்கும்.