இது காட்டு லூபினா, தோட்டத்து லூபினா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். நியூயார்க் மாநிலம் ஆல்பனி பக்கம் இருக்கிறேன். போன ஞாயிறு, பைன் மரங்களும் குட்டை ஓக்குகளும் நிற்கிற ஒரு மணல்மேட்டின் ஓரத்தில் இந்தச் செடியைப் பார்த்தேன். படம் மூன்று போட்டிருக்கிறேன். காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டது.

முழங்கால் உயரம். நீலமும் ஊதாவும் கலந்த பூங்கதிர், ஒவ்வொரு பூவும் அவரைப்பூ சாடை. (நம்ம கொழுஞ்சி குடும்பம்தானே!) இலை குடைக்கம்பி மாதிரி விரிந்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு நின்றது. எண்ணிப் பார்த்த இலைகளில் 8, 9 சிற்றிலைகள்தான்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய காட்டு லூபின், அதாவது லூபினஸ் பெரென்னிஸ் என்றால் சிற்றிலை 7 முதல் 11 வரை இருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கமிருந்து தோட்டங்களுக்கு வந்த லூபினஸ் பாலிஃபில்லஸ் (தோட்டத்து லூபின்) இடுப்பு உயரம் போகும், சிற்றிலையும் அதிகம். ஆனால் இரண்டும் கலப்பினமாகும் என்பதுதான் என் தலைவலி. முன்பு ஒரு கடையில் 'நாட்டு விதை' என்று வாங்கி நட்டு, வளர்ந்தது பாலிஃபில்லஸ்!

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழு பெரென்னிஸ் இலையை மட்டுமே தின்னும். 1992 முதல் அந்த வண்ணத்துப்பூச்சி அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ள இனப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு இலைகளில் மேல்தோல் மட்டும் கண்ணாடி மாதிரி மிச்சமிருந்தது (மூன்றாவது படம்). அது அந்தப் புழுவின் வேலையா?

வேறு எதைப் படம் எடுத்தால் உறுதியாகச் சொல்வீர்கள்? காயா, தண்டின் மயிரா? சனிக்கிழமை மறுபடி போகிறேன்.