மறு: காசுக் கலைச்சொற்கள் – களிம்பு, தேய்நிலை, உறை

அன்புள்ள குழுவினருக்கு,

காசு சேர்ப்போருக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலின் இரண்டாம் வரைவைப் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. இந்த இரண்டு வரிகளை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை.

> பாட்டினா – களிம்பு
> பிரான்ஸ் டிசீஸ் – களிம்பு நோய், வெண்கல நோய்

பாட்டினா என்பது காசின் மேல் நாள்பட உருவாகி அதைக் காக்கும் படலம்; பிரான்ஸ் டிசீஸ் என்பது காசைத் தின்னும் கேடு. இரண்டுக்கும் வரைவில் களிம்பு வந்திருக்கிறது. களிம்பு நல்ல பழைய சொல்தான். செம்பில் களிம்பு போல உயிரைப் பற்றிய ஆணவம் என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. களிம்பு என்று காதில் விழுந்ததுமே, அது போக வேண்டிய அழுக்கு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கும்பகோணமும் நாச்சியார்கோவிலும் பித்தளையும் வெண்கலமும் புழங்கும் ஊர்கள். குத்துவிளக்கில் களிம்பு ஏறினால் புளியைக் கரைத்துத் தேய்த்துத் துலக்குவது இங்கே எல்லா வீட்டுக்கும் கைவந்த பழக்கம். 'இந்தக் காசில் நல்ல களிம்பு இருக்கிறது' என்று நாம் எழுதினால், படிப்பவர் அடுத்து புளியைத்தான் தேடுவார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் பல நூறாண்டுகளாக உருவான ஆக்சைடு, கார்பனேட் படலத்தைக் கரைத்துவிடும். காசு ரோஸ் நிறத்தில் பளிச்சென்று வரும். அந்தப் படலம் திரும்ப வராது. அப்படித் துலக்கிய ராஜராஜன் காசுகளை டெல்டாவில் காசு சேர்க்கும் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். கடைக்காரரே புளி போட்டுக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு.

ஆகவே, காசைக் காக்கும் படலத்துக்கு ஒரு சொல், காசைத் தின்னும் கேட்டுக்கு வேறொரு சொல் என்று இரண்டும் கண்டிப்பாக வேண்டும். இரண்டிலும் 'களிம்பு' வரக்கூடாது.

முதலாவதற்கு மன்னார்குடி நண்பர் 'பழம்பூச்சு' என்றார். பூச்சு என்றால் யாரோ பூசியது என்றாகிவிடும். செயற்கையாக நிறமேற்றி விற்கும் காசுகளும் சந்தையில் இருப்பதால் அந்தச் சொல்லைப் போலிக்கென்று ஒதுக்கி வைப்போம். 'பச்சைப்படலம்' என்ற முன்மொழிவும் ஒத்துவராது, ஏனென்றால் நல்ல படலம் பழுப்பாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். 'பாசி' என்று பேச்சில் சொல்கிறார்கள். பாசி வழித்தால் வந்துவிடுவது, இது வராது.

என் முன்மொழிவு: முதுமேனி. செப்புத் திருமேனி என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். உலோகத்தின் வெளிப்புறத்தை மேனி என்பது நமக்குப் பழகியதுதான். நாள்பட்டு முதிர்ந்த மேனி முதுமேனி. இதிலிருந்து மற்ற சொற்களும் எளிதாகக் கிளைக்கும்: பழுப்பு முதுமேனி, கறுப்பு முதுமேனி, மேனி உரிந்தது, போலி மேனி. 'மேனி உரிந்த காசு' என்று படிப்பவருக்கு இழப்பு என்ன என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது சொல்லுக்கு நம் கொத்தனார்களிடம் போகலாம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடலோர வீட்டுச் சுவரின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் 'சுவர் உப்பரிச்சுப் போச்சு' என்பார்கள். செம்பிலும் நடப்பது அதைப் போலத்தான். மண்ணிலோ கடல்மணலிலோ கிடந்த காசுக்குள் குளோரைடு உப்பு இறங்கியிருக்கும். வெளியே எடுத்த பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் அது வினைபுரிந்து வெளிர்பச்சைப் பொடியாக வெளிவரும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் அடியில் இருக்கும் நல்ல செம்பைத் தாக்கி மறுபடி குளோரைடாக்கும். இந்தச் சுற்று தானாக நிற்காது, ஈரத்தை நிறுத்தினால்தான் நிற்கும். 'நோய்' என்று எழுதினால் கிருமி என்று நினைத்துவிடுவார்கள். செப்புக் காசுக்கு 'வெண்கல நோய்' என்பதும் பொருந்தவில்லை. உப்பரிப்பு என்றால் காரணமும் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியும் தோற்றமும் வந்துவிடுகிறது. 'உப்பரித்த காசு' என்று வினையாகவும் சொல்லலாம்.

இரண்டையும் பிரித்தறியப் பட்டியலின் விளக்கப் பகுதியில் நாலு வரி எழுத வேண்டும். முதுமேனி கெட்டியாக, காசோடு ஒட்டி, ஒரே சீராக இருக்கும். மூங்கில் குச்சியால் மெல்லத் தொட்டாலும் எழும்பாது. உப்பரிப்பு புள்ளி புள்ளியாக, வெளிர்நிறத்தில், தொட்டால் மாவாக வரும். அந்த மாவை எடுத்தால் அடியில் குழி இருக்கும். சந்தேகம் இருந்தால் இறுக மூடும் சிறு டப்பாவில் ஈரப்பஞ்சை ஓர் ஓரமாக வைத்து, காசின் மேல் படாமல் ஒரு நாள் மூடி வையுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளிகள் எழுந்தால் உப்பரிப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதிப் பேணல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் பெரிய வேலையே வெண்கலத் திருமேனிகளில் இந்தக் கேட்டைக் கையாள்வதாக இருந்தது. இவ்வளவு காலம் நம் மண்ணில் இருக்கும் ஒரு சிக்கலுக்கு நாம் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, அடுத்தது தரம்.

> கிரேடு – தரம் (1 முதல் 70 வரை)

இந்த 70 எண் அளவு 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அந்நாட்டின் பழைய பெரிய செப்பு சென்ட்களுக்காக வகுத்தது. பிறகு, இயந்திரத்தில் ஒரே மாதிரி அச்சடித்த மற்றக் காசுகளுக்கும் அது நன்றாகவே பயன்பட்டது. கையால் அடித்த சோழர் காசுக்கு அப்படியே எடுத்து வைத்தால் உதைக்கும். ராஜராஜன் செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கடியில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. எழுத்து தெரியவில்லை என்றால் அதற்கு நாலு காரணம் இருக்கலாம். கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம். தகடு சிறியதாக இருந்து எழுத்து வெளியே விழுந்திருக்கலாம். அச்சு பலமாக இறங்காமல் இருந்திருக்கலாம். காவிரி மணலில் கிடந்து அரித்திருக்கலாம். நாலுக்கும் ஒரே எண் போட்டால் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்?

அதனால் 'தரம்' என்ற பெரிய சொல்லை மொத்த மதிப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, தேய்மானத்தை மட்டும் குறிக்கத் தேய்நிலை என்று வைப்போம். மற்றவை அச்சுநிலை, மைய விலகல், அரிப்பு என்று தனித்தனியாக எழுதப்படட்டும். தேய்வையும் மெலிந்த அச்சையும் பிரிப்பது பழகினால் வந்துவிடும். லென்ஸில் உட்கார்ந்த உருவத்தின் முழங்காலையும் தலையையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் மேடு மழமழவென்று தட்டையாகி, ஓரம் உருண்டிருக்கும். அச்சு சரியாக விழாதிருந்தால் மேடே எழுந்திருக்காது, ஆனால் அந்த இடத்தின் சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

குறை கண்டு மதிப்பைக் கழிப்பதற்கு வரைவில் 'தரக்கழிவு' என்று இருக்கிறது. கழிவு என்பது குப்பையைக் குறிப்பதாகிவிட்டது. நம் பக்கத்துச் சொல்லே இருக்கிறதே: வாசி. திருவீழிமிழலையில் பஞ்சகாலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினமும் படிக்காசு கிடைத்தது; சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது கடையில் வாசி பிடித்தார்கள்; அவர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. காசின் குறைக்காகப் பிடிக்கும் கழிவு என்ற பொருளிலேயே அங்கே வருகிறது. 'துலக்கியதால் பாதி வாசி', 'வாசியில்லாக் காசு' என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சேமிப்புப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. காசைப் போட்டு வைக்கும் மடிப்பு உறையான ஃபிளிப்புக்குப் 'புரட்டி' வேண்டாம், இருமடி உறை போதும். சொல்லைவிட, எந்த உறை என்பது முக்கியம். பிவிசி உறை மெத்தென்று இருக்கும், புது மழைக்கோட்டு வாசம் வரும். வெயில் காலத்தில் அதிலிருந்து கசியும் பொருள் காசில் பச்சைப் பிசுக்காகப் படியும். இதற்கு உறைப்பிசுக்கு என்ற சொல்லைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இதையும் களிம்பு என்றே எழுதுவார்கள். பிசுக்கு புதிதாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் போய்விடும், முதுமேனி கெடாது. மைலார் என்ற பாலியெஸ்டர் உறை விறைப்பாக இருக்கும், மடக்கினால் சலசலக்கும். வாங்க வேண்டியது அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காசுப்பெட்டி இறுக மூடியிருக்க வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைப் போட்டு, ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். வெள்ளிக்காசுப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தரங்கம்பாடிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: டேனியர் 1620 முதல் 1845 வரை அங்கே இருந்தார்கள், அவர்களுடைய தொடக்க காலக் காசுகளில் ஈயமும் உண்டு. ஈயக்காசை மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு வெள்ளைப் பொடியாகிவிடும். இதற்கும் ஒரு சொல் வேண்டும். 'ஈய வெளுப்பு' என்று எழுதிவைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை.

புதுக்காசில் அச்சடித்த அன்று இருக்கும் மினுக்கத்துக்கு வரைவில் 'பளபளப்பு' என்று இருக்கிறது. துலக்கிய காசும் பளபளக்கும் என்பதால் அதை ஏற்க முடியவில்லை. காசைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரமாகச் சுற்றிவரும் அந்த மினுக்கத்துக்கு உங்கள் பக்கத்தில், குறிப்பாகப் பட்டறைக்காரர்களிடம், என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாம் வரைவுக்கு அது வேண்டும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து