மலேசியாவுல மக மெட்ரிகுலேசனுக்கு, அதான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின அரசாங்கப் படிப்புக்கு, எழுதிப் போட்டதுக்கு ‘டுக்காசிட்டா’ன்னு (மலாய்ல வருந்துறோம்னு அர்த்தம்) வந்துச்சு, இன்னும் மனசு ஆறல. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

பத்தாங்காரன்:
பத்தாங் பெர்சுந்தை பக்கம் நாங்க. பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி வருஷமாச்சு, வாய்தான் மாறல. போன வருஷம் மகளுக்கு எஸ்பிஎம்ல (ஃபாரம் 5 அரசாங்கப் பரீட்சை) 9ஏ, செஜாரா (சரித்திரம்) மட்டும் பி பிளஸ். 2024ல இருந்து 10ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிகுலேசன்ல இடம்னு சொன்னாங்கல்ல, அதுல ஒரு பாடத்துல விட்டுட்டா. சரி மிச்ச இடம் இருக்குமேன்னு காத்திருந்தோம். ரிசல்ட் அன்னிக்கு வீட்டுல லைன் இல்ல, டவுன்ல ஒரு சைபர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஐசி (அடையாள அட்டை) நம்பர் தட்டினா, டுக்காசிட்டா, வருத்தத்தோட தெரிவிக்கிறோமாம். ஏன்னு ஒரு வரி இல்ல. மக ஒண்ணும் பேசல, பிரிண்ட் எடுங்கன்னா. கடைக்காரப் பையன் எடுத்துக் கொடுத்துட்டு 50 சென் வேணாம்னான். அந்த 50 சென்ன அவன் வாங்கியிருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது. மக கூடப் படிச்ச பிள்ளைக்கு 6ஏ, இடம் கிடைச்சுருச்சு. அந்தப் பிள்ள மேல கோவம் இல்ல, தீபாவளிக்கு வந்து நம்ம வீட்டு முறுக்கு தின்னுற பிள்ளதான்.

செம்பனை72:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, காரணம் எழுதலன்னு சொல்றீங்க, காரணந்தான் எல்லாருக்கும் தெரியுமே. 90க்கு 10, மெட்ரிகுலேசன் இடத்துல நூத்துக்கு 90 பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரங்க, பூர்வகுடிங்க), 10 மத்தவங்களுக்கு. 2019ல மொத்த இடத்த 25,000ல இருந்து 40,000 ஆக்கினாங்க, அப்பயும் அந்தக் கணக்கு அசையல. மத்தவங்க எல்லாரும் அந்தப் பத்துக்குள்ளதான் அடிச்சுக்கணும். இதுல 50 சென் பையனப் பத்தி என்ன லா பேச்சு. என் கதை சின்னது. தம்பிக்கு உபகாரச் சம்பள இண்டர்வியூ, உள்ள போயி மூணு நிமிசத்துல வந்துட்டான். என்னடா கேட்டாங்கன்னா, அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க, மண்டோர்னு (தோட்டத்துக் கங்காணி) சொன்னேன், பேனாவ மூடி வச்சுட்டாங்கன்னான். அவன் சொல்றது மட்டுந்தான், நான் பாக்கல. ஆனா இப்பயும் யாராச்சும் பேனா மூடினா அந்த ஞாபகம் வருது.

லயத்து மல்லி:
படிப்பு விசயம் எனக்குத் தெரியாது, எங்க பாட்டி கதை சொல்றேன். இங்கேயே பொறந்து, இங்கேயே நாப்பது வருசம் கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டுனவங்க, கையில சிவப்பு ஐசி, நிரந்தரமா இருக்கலாம் ஆனா குடியுரிமை இல்ல. ஓட்டுப் போட முடியாது. குடிமக்களுக்குக் கொடுக்குற நீல ஐசிக்கு எத்தன தடவ எழுதிப் போட்டோம்னு கணக்கே இல்ல. ஒரு தடவ கவுண்டர்ல கட்டைவிரல வைக்கச் சொன்னாங்க, மெசின் படிக்கல. துடைச்சுட்டு வைங்கன்னாங்க, படிக்கல. பால் வாளியும் அமிலமும் பட்டுப் பட்டு ரேகையே தேஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு கத்தல கித்தல, “ஜாரி தாக் போலே பாச்சா, மக்சிக்”னு மெதுவாத்தான் சொல்லுச்சு, விரல படிக்க முடியலையாம். பாட்டி விரலத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க, பஸ்லயும் பாத்தாங்க. 2018ல 60 வயசு தாண்டின சிவப்பு ஐசிக்காரங்க 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமைன்னு அப்பப் பிரதமரா இருந்த மகாதீர் அறிவிச்சப்போ வீட்டுல யாரும் டிவிய நிறுத்தல, பேசவும் இல்ல. பாட்டி அதுக்கு முந்தின வருசமே போயிட்டாங்க.

ஓய்வு வாத்தியார்:
எல்லாத்தையும் படிச்சேன். கோட்டா கோட்டான்னு சொல்லிட்டு உக்காந்தா ஆகாது. முதல்ல பத்தாங்கார தம்பி, மகள எஸ்டிபிஎம் (ஃபாரம் 6 படிப்பு) சேருங்க, மூணு செமஸ்டர்தான், அதுவும் பல்கலைக்கழகத்துக்குப் போற வழிதான். யுபியூ (அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை) மெரிட்ல 90 மார்க் படிப்புக்கு, 10 மார்க் கோக்குரிகுலத்துக்கு (விளையாட்டு, இயக்கம் மாதிரி புறப்பாட நடவடிக்கை), அந்தப் பத்த நம்ம பிள்ளைங்க கோட்ட விட்டுடுதுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரணர் இயக்கத்துக்கு அனுப்புங்கன்னா டியூசன்ங்கிறீங்க. அடுத்து கல்யாணம். கோயில்ல தாலி கட்டிட்டா போதும்னு நெனைக்காதீங்க, 1982 மார்ச் 1ல இருந்து பதிவு கட்டாயம். பதியலன்னா பிள்ளைக்குத் தாயோட குடியுரிமைதான், தாய்க்கு இல்லேன்னா பிள்ளைக்கும் பிரச்சனை, நானே ரெண்டு பிள்ளைங்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்திருக்கேன். எல்லாப் பத்திரத்தையும் மூணு காப்பி எடுத்து பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு வைங்க, எஸ்டேட் வீட்டுல கரையான் ஜாஸ்தி. மல்லி அம்மா, உங்க பாட்டிக்கும் பிறப்புப் பத்திரம் ஒழுங்கா இருந்திருந்தா இவ்ளோ அலைச்சல் வந்திருக்காது. நம்ம ஆளுங்க அசட்டை. என் அனுபவம்னு பெருசா ஒண்ணும் இல்ல, என்னையும் ஒரு தடவ அலைய விட்டாங்க, விடுங்க.

பத்தாங்காரன்:
சார் நான் யோசனை கேக்கல. அவ ஃபாரம் 6 சேந்தாச்சு, கோக்கும் இருந்துச்சு, நெட்பால் மாவட்டம் வரைக்கும் போனா. செம்பனை தம்பி, 90க்கு 10 எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அந்தத் திரையப் பாத்துட்டு நின்னேன்.

லயத்து மல்லி:
வாத்தியாரே, பிறப்புப் பத்திரம் இருந்துச்சு. தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) அதுல ஆம்பளப் பேரா எழுதி வச்சுட்டாரு. அதுக்கு எத்தன காப்பி எடுக்கணும்?