புதுப்பிப்பு: இரண்டு கணக்கிலும் ஒரே இருப்பு காட்டிய கதை

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஜாவா நிரல்மொழியில் 'கணக்கு' என்று ஒரு கிளாஸ் (அச்சு மாதிரி) எழுதி, அதிலிருந்து இரண்டு ஆப்ஜெக்ட் (தனித்தனிக் கணக்குகள்) உருவாக்கினேன், ஒன்றில் 500 போட்டால் மற்றதிலும் 500 காட்டுகிறது என்று. விஷயம் பிடிபட்டுவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயினிலிருந்து, கிளாசில் எழுதிய மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் பகுதி) நேரடியாகக் கூப்பிட்டபோது, ஸ்டாட்டிக் அல்லாததை இங்கிருந்து அழைக்க முடியாது என்று நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் கத்தியது. அதன் வாயை அடைக்க, கண்ணில் பட்ட எல்லாவற்றின் முன்னாலும் ஸ்டாட்டிக் போட்டுவிட்டேன், பணத்தின் மதிப்பை வைத்திருக்கும் 'இருப்பு' மாறி உட்பட. ஸ்டாட்டிக் மாறி கிளாசுக்குச் சொந்தம். ஆயிரம் ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் அது ஒன்றுதான். இரண்டு உண்டியல் என்று நினைத்திருந்தேன். இருந்ததோ ஒரே உண்டியல், அதில் இரண்டு ஓட்டை!

சரி, ஸ்டாட்டிக்கை எடுத்தேன். மெயினில் நியூ போட்டு உருவாக்கிய ஆப்ஜெக்டின் பெயர், புள்ளி, மெத்தட் என்று அழைத்தேன். ஓடியது, ஆனால் இப்போது இரண்டிலும் தொடக்க இருப்பு 0! ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் 'இருப்பு = இருப்பு' என்று எழுதியிருந்தேன். உள்ளே வந்த மதிப்புக்கும் 'இருப்பு' என்றே பெயர் வைத்திருந்ததால், அது தனக்கே தன்னைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. இடது பக்கம் 'திஸ்' (இந்த ஆப்ஜெக்டினுடையது என்று சொல்வது) சேர்த்ததும் சரியானது. இதற்குக் கம்பைலர் வாயே திறக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

மொத்தம் எத்தனை கணக்கு என்று எண்ணும் மாறியை மட்டும் ஸ்டாட்டிக்காகவே விட்டிருக்கிறேன், அது எல்லோருக்கும் பொதுதானே. உதவிய எல்லோருக்கும் நன்றி. அடுத்து இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றிடமிருந்து பண்புகளைப் பெறுவது), அப்புறம் மறுபடி புலம்ப வருவேன்.